அபராதத் தொகையை நீதிபதி எதை வைத்து முடிவு செய்கிறார்?

கேள்வி: என் கணவர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். 2021-இல் வரப்புத் தகராறில் பங்காளி ஒருவரைக் கம்பால் அடித்ததாகவும் அவர் மகனைக் கீழே தள்ளியதாகவும் என் கணவர் மீதும் அவருடைய பெரியப்பா மகன் மீதும் கேஸ். இப்போது நீதித்துறை நடுவர் நீதிமன்றத்தில் தீர்ப்பு வந்திருக்கிறது. சிறைத் தண்டனை இல்லை, அபராதம் மட்டும். 294(பி) பிரிவில் (பொது இடத்தில் ஆபாசமாகப் பேசியது) 2,000 ரூபாய், கட்டத் தவறினால் 1 மாதம் சாதாரண சிறை. 323-இல் (காயப்படுத்தியது) 1,000 ரூபாய், தவறினால் 1 மாதம். 324-இல் (ஆயுதத்தால் காயப்படுத்தியது) 10,000 ரூபாய், தவறினால் 3 மாதம். ஆக ஆளுக்கு 13,000. இருவரும் 324-க்குக் கட்டும் பணத்திலிருந்து 15,000-ஐ அடிபட்டவருக்கு இழப்பீடாகக் கொடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். பெரியப்பா மகன் அரிசி மண்டிக்காரர். அன்றைக்கே எண்ணிக் கட்டிவிட்டுப் போய்விட்டார். நாங்கள் 323-க்கான 1,000-ஐ மட்டும் கட்டினோம். மீதிக்கு 30 நாள் அவகாசம் கொடுத்தார்கள். அதில் பத்து நாள் ஓடிவிட்டது. இந்தத் தொகையை எந்தக் கணக்கில் போட்டார்கள்? மண்டிக்காரருக்கும் ஆட்டோக்காரருக்கும் ஒரே அபராதமா? பணம் கட்டாமல் உள்ளே இருந்துவிட்டு வந்தால் கடன் தீர்ந்துவிடுமா? கைதானபோது 12 நாள் ரிமாண்டில் இருந்தாரே, அதைக் கழிப்பார்களா? அப்பீல் போனால் அபராதத்தைக் கூட்டிவிடுவார்கள் என்று ஊரில் பயமுறுத்துகிறார்கள்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், உங்களுக்கு நாள் குறைவு. தண்டிக்கப்பட்டவர் மட்டும் மேல்முறையீடு செய்தால், அந்த மேல்முறையீட்டில் தண்டனையைக் கூட்ட முடியாது. குறைக்கலாம், மாற்றலாம், விடுதலை செய்யலாம், அப்படியே விடலாம். கூட்ட வேண்டுமென்றால் அரசுத் தரப்பு தனியாக வர வேண்டும், உங்கள் கணவருக்கு நோட்டீஸ் கொடுத்து அவர் பக்கத்தையும் கேட்க வேண்டும். அடிபட்டவர் இழப்பீடு போதாது என்று தனியாக மேல்முறையீடு செய்யலாம். ஆனால் நீங்கள் அப்பீல் போனதற்காகவே தொகை ஏறிவிடாது. அமர்வு நீதிமன்றத்தில் அப்பீல் போட 30 நாள் அவகாசம் இருக்கிறது. தீர்ப்பு நகலுக்கு மனு போட்டதிலிருந்து நகல் தயாராகும் வரையிலான நாட்களை அந்தக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். மேல்முறையீடு செய்யக்கூடிய தீர்ப்பு என்பதால் சான்றிட்ட நகல் இலவசம். இதுவரை மனு போடவில்லை என்றால் இதைப் படித்த கையோடு போடச் சொல்லுங்கள்.

சரி, எந்தக் கணக்கில் போட்டார்கள் என்ற கேள்விக்கு வருவோம். இந்தக் குற்றத்துக்கு இவ்வளவு ரூபாய் என்று ஒரு பட்டியல் நீதிபதியின் மேசையில் இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி எதுவும் கிடையாது. போக்குவரத்துக் குற்றங்கள் சிலவற்றில் மட்டும் சட்டமே தொகையை எழுதி வைத்திருக்கிறது. குடித்துவிட்டு வண்டி ஓட்டி முதல் தடவை மாட்டினால் 10,000 ரூபாய். அதில் நீதிபதி கூட்டவும் குறைக்கவும் பெரிதாக ஒன்றுமில்லை. செக் மோசடி வழக்கில் காசோலைத் தொகையின் இரண்டு மடங்கு வரை போகலாம் என்று ஒரு அளவுகோல் இருக்கிறது. ஊழல் தடுப்புச் சட்டத்தில், சேர்த்த சொத்தின் மதிப்பைக் கணக்கில் எடுத்துக்கொண்டு அபராதம் போட வேண்டும் என்று 16-ஆம் பிரிவு சொல்கிறது. 2014-இல் பெங்களூரு தனி நீதிமன்றம் சொத்துக் குவிப்பு வழக்கில் ஜெயலலிதாவுக்கு 100 கோடியும் மற்ற மூவருக்கும் தலா 10 கோடியும் அபராதம் விதித்தபோது ஊரே வாயைப் பிளந்தது. அந்த எண்களுக்குப் பின்னால் இருந்தது இந்தப் பிரிவுதான்.

உங்கள் கணவர் வழக்கு இந்த வகை எதிலும் வராது. சம்பவம் 2021 என்பதால் பழைய இந்திய தண்டனைச் சட்டம்தான் பொருந்தும். அதில் உங்களுக்குச் சம்பந்தப்பட்ட மூன்று பிரிவுகளையும் எடுத்துப் பாருங்கள். 323-க்கு அபராதம் 1,000 ரூபாய் வரை. 294(பி)-க்கும் 324-க்கும் வெறுமனே ‘அபராதம்’ என்று மட்டும் இருக்கிறது, தொகை இல்லை. தொகை சொல்லாத இடத்தில் என்ன செய்வது என்பதற்கு 63-ஆம் பிரிவு: வரம்பு கிடையாது, ஆனால் மிகையாக இருக்கக்கூடாது. அவ்வளவுதான் சட்டம். மிகை என்றால் எவ்வளவு என்று அது சொல்லவில்லை.

ஆனால் அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறார் என்பதைப் பொறுத்து இன்னொரு உச்சவரம்பு இருக்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் முதல் வகுப்பு நடுவர் 10,000 ரூபாய்க்கு மேல் அபராதம் போட முடியாது. உங்கள் தீர்ப்பில் 324-க்கு 10,000, 323-க்கு 1,000 என்று இருக்கிறதே, இரண்டும் எங்கே போய் முட்டி நிற்கின்றன என்று பார்த்தீர்களா? ஒன்று நடுவருடைய அதிகாரத்தின் உச்சம், மற்றொன்று அந்தப் பிரிவின் உச்சம். யோசித்து, கூட்டிக் கழித்து இந்த எண்களுக்கு வந்திருக்கலாம். இல்லையென்று நான் சொல்ல முடியாது. ஆனால் சிறை வேண்டாம், அபராதமே போதும் என்று நினைக்கும் நடுவர், அந்த அபராதத்தை அதிகபட்சமாகப் போட்டுவிடுவது நடைமுறையில் சகஜம். சிறைக்கு அனுப்பாத சலுகைக்கு ஈடுகட்டுவது போல.

பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்திருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் இதே 324 வகைக் குற்றத்துக்கு 20,000 ரூபாய் வரை அபராதம் என்று எழுதியிருக்கிறார்கள், முதல் வகுப்பு நடுவரின் அதிகாரமும் 50,000 ஆக உயர்ந்திருக்கிறது. ஊரில் யாராவது இதைச் சொல்லிப் பயமுறுத்தினால் கண்டுகொள்ளாதீர்கள். குற்றம் நடந்த நாளில் இருந்த சட்டத்தைவிடக் கூடுதலான தண்டனை கொடுக்கக்கூடாது என்று அரசியல் சட்டத்தின் 20-ஆவது பிரிவே சொல்கிறது.

அடுத்து மண்டிக்காரர் விஷயம். உங்கள் கடிதத்தில் கோபம் அதிகம் தெரிந்தது இந்த இடத்தில்தான், அதில் நியாயமும் இருக்கிறது. ஒருவருக்கு ஒரு நாள் கல்லாப் பணம், இன்னொருவருக்கு மூன்று மாத வண்டித் தவணை என்றால் இரண்டும் ஒரே தண்டனை இல்லை. இந்தத் தண்டனைச் சட்டத்தின் வரைவை 1837-இல் கொடுத்த மெக்காலே குழுவே இதைக் குறித்து வைத்திருக்கிறது: அபராதத்தின் வலி கட்டுபவரின் வசதியைப் பொறுத்தது. பல பிரிவுகளில் தொகை எழுதாமல் விட்டதற்கு அதுவும் ஒரு காரணம். பின்லாந்தில் 1921-இலிருந்தே வேறு முறை. குற்றத்தின் கனத்துக்கு ஏற்ப இத்தனை ‘நாள்’ என்று நீதிமன்றம் தீர்மானிக்கும், ஒரு நாளின் விலை அந்த ஆளின் வருமானத்தைப் பொறுத்தது. 2002-இல் நோக்கியா நிறுவனத்தின் உயர் அதிகாரி ஒருவர் 50 கிலோமீட்டர் வேகம் அனுமதித்த சாலையில் மோட்டார் சைக்கிளில் 75-இல் போனதற்கு 1,16,000 யூரோ தீட்டினார்கள். பிறகு அவர் அந்த ஆண்டு தன் வருமானம் சரிந்துவிட்டதைக் காட்டி அப்பீலில் வெகுவாகக் குறைத்துக்கொண்டார் என்பது வேறு கதை. அந்த முறை இந்தியாவில் இல்லை.

இல்லை என்பதால் இங்கே வசதியைப் பார்க்கவே மாட்டார்கள் என்று அர்த்தமில்லை. உச்ச நீதிமன்றம் தொடங்கிய புதிதிலேயே, பம்பாய் மாகாணக் கள்ளச்சந்தை வழக்கு ஒன்றில் தெளிவாகச் சொல்லிவிட்டது: அபராதம் விதிக்கும்போது குற்றத்தின் தன்மையையும் அளவையும் எவ்வளவு பார்க்கிறோமோ அதே அளவுக்குக் குற்றவாளியின் பொருளாதார நிலையையும் பார்க்க வேண்டும், கணிசமான சிறைத் தண்டனை கொடுத்தால் அதோடு சேர்த்துப் பெரிய அபராதமும் போடக்கூடாது, விதிவிலக்கான வழக்குகளைத் தவிர. ஏ.ஐ.ஆர். 1952, உச்ச நீதிமன்றம், பக்கம் 14 என்று உங்கள் வக்கீலிடம் சொல்லுங்கள், எடுத்துவிடுவார். எழுபது வருடம் கழித்தும் இது நல்ல சட்டம்தான். அதேபோல 1977-இல், தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு கொலை வழக்கில், உயர் நீதிமன்றம் மரண தண்டனையை ஆயுளாகக் குறைத்துவிட்டு 20,000 ரூபாய் அபராதம் போட்டிருந்தது. இறந்தவரின் பிள்ளைகளுக்கு இழப்பீடு கொடுக்கலாம் என்ற எண்ணம். உச்ச நீதிமன்றம் அதை 3,000 ஆக்கியது. முதலில் குற்றத்துக்கு ஏற்ற தண்டனை எது என்று பாருங்கள், இழப்பீட்டுக்கு இவ்வளவு தேவை என்று முடிவு செய்துவிட்டு அதற்கேற்ப அபராதத்தைப் பின்னோக்கி நிர்ணயிக்காதீர்கள் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். உங்கள் வழக்கில் 20,000 வசூலாகி அதில் 15,000 அடிபட்டவருக்குப் போகிறது. அவர் அடிபட்டவர், அவருக்குக் கொடுப்பதில் தப்பில்லை. உண்மையில் ஒவ்வொரு வழக்கிலும் இழப்பீடு கொடுக்க வேண்டுமா என்று யோசித்தே ஆகவேண்டும் என 2013-இல் உச்ச நீதிமன்றம் கீழ் நீதிமன்றங்களைக் கண்டித்தும் இருக்கிறது. ஆனால் அந்த 15,000-க்காகத்தான் ஆளுக்கு 10,000 ஆனதா என்று தீர்ப்பைப் படித்துப் பார்க்க வேண்டும்.

அப்படியானால் உங்கள் கணவரின் நிலைமை ஏன் கணக்கில் வரவில்லை? என் ஊகம் இது: நீதிபதிக்குத் தெரியாது. யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

தீர்ப்பு நாளில் என்ன நடக்கும் என்று நீங்களே பார்த்திருப்பீர்கள். பெஞ்ச் கிளார்க் பெயரைக் கூப்பிடுகிறார், எதிரிகள், அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்கள், இருவரும் கூண்டில் ஏறி நிற்கிறார்கள். குற்றவாளி என்று முடிவு செய்திருப்பதாக நடுவர் சொல்கிறார். தண்டனை பற்றி ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று கேட்கிறார். சட்டப்படி கேட்டே ஆகவேண்டிய கேள்வி இது. மூன்று வருடம் வரை தண்டனை உள்ள 324 போன்ற வழக்கில் தவிர்க்க முடியாதது. எதிரியின் தொண்டை அடைத்திருக்கும். ‘ஐயா, குடும்பம் இருக்குதுங்க, கொஞ்சம் பார்த்துச் செய்யுங்க’ என்பார். தீர்ப்பில் அது ‘குறைந்தபட்ச தண்டனை வழங்குமாறு எதிரிகள் கேட்டுக்கொண்டனர்’ என்று ஒரு வரியாக ஏறும். இரண்டு எதிரிக்கும் சேர்த்து ஒரே வரி. அரை நிமிடத்தில் அந்தக் கட்டம் முடிந்து, எழுதி வைத்த பக்கம் திரும்புகிறது. இந்த அரை நிமிடத்தைத்தான் நாங்கள் வக்கீல்களும் அதிகமாக வீணடிக்கிறோம். குறுக்கு விசாரணைக்கு நாலு நாள் தயார் செய்பவர்கள், தண்டனை பற்றிப் பேச ஒரு காகிதம்கூடக் கொண்டுபோவதில்லை. விடுதலை ஆகிவிடும் என்ற நம்பிக்கையில் இருக்கும் கட்சிக்காரரிடம் ‘ஒருவேளை தண்டனை வந்தால்’ என்று பேச்செடுக்கவும் கூச்சம்.

அந்த நேரத்தில் கையில் என்ன இருந்திருக்க வேண்டும்? வண்டி யார் பெயரில், ஃபைனான்ஸ் பாக்கி எவ்வளவு என்ற ஸ்டேட்மென்ட். வட்டாட்சியர் கொடுத்த வருமானச் சான்று. ரேஷன் கார்டு. வீட்டில் எத்தனை பேர் அவர் சம்பாத்தியத்தில் சாப்பிடுகிறார்கள் என்ற விவரம். முன்பு எந்த வழக்கும் இல்லை என்பது. ஏற்கெனவே 12 நாள் உள்ளே இருந்தார் என்பது. நாலு வருடமாக ஒரு வாய்தாவும் தவறாமல் வண்டியை நிறுத்திவிட்டு வந்தார் என்பது, அதனால் எத்தனை நாள் கூலி போனது என்பது. இவை எல்லாம் எழுத்தில் இருந்து, இவருக்கும் மண்டிக்காரருக்கும் ஒரே தொகை வேண்டாம் என்று கேட்டிருந்தால் நடுவர் வேறுபடுத்தியிருக்கலாம். ஒரே குற்றத்தில் இரண்டு பேருக்கு இரண்டு தொகை போட சட்டத்தில் தடை எதுவும் இல்லை.

தவறவிட்ட அந்தக் காகிதங்களை இப்போது மேல்முறையீட்டோடு சேர்த்துப் போடலாம். அதில் ‘அவர் பணக்காரர், அவருக்குக் கூட்டுங்கள்’ என்று எழுதாதீர்கள். அது உங்கள் வேலை இல்லை, நீதிமன்றமும் ரசிக்காது. உங்களுக்குக் குறைக்க வேண்டிய காரணத்தை மட்டும் எழுதுங்கள்.

இனி, கட்டாமல் உள்ளே போய்வருவது பற்றி. வேண்டாம். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது.

‘கட்டத் தவறினால்’ என்று போடும் சிறை, அபராதத்துக்கு மாற்றாகக் கொடுக்கும் தண்டனை இல்லை. கட்டவைப்பதற்கான நெருக்கடி அது. அதை அனுபவித்தாலும் அபராதக் கடன் தானாகத் தீராது. ஆறு வருடம் வரை வசூலிக்கலாம் என்று சட்டம் சொல்கிறது. ஆள் இறந்துபோனால்கூட அவர் விட்டுப்போன சொத்தின் மீது அந்தக் கடன் நிற்கும். அசையும் பொருளை ஜப்தி செய்யலாம், அல்லது கலெக்டருக்கு எழுதி நிலவரிப் பாக்கி போல வசூலிக்கலாம். முழுச் சிறையையும் அனுபவித்துவிட்டால் பொதுவாக ஜப்தி வாரண்ட் போடக்கூடாது என்று ஒரு பாதுகாப்பு இருக்கிறது. ஆனால் அதற்கு இரண்டு விலக்குகள்: நீதிமன்றம் தனிக் காரணம் எழுதினால் போடலாம், அபராதத்திலிருந்து இழப்பீடு கொடுக்க உத்தரவிட்டிருந்தாலும் போடலாம். உங்கள் தீர்ப்பில் இரண்டாவது இருக்கிறது. அதாவது மூன்று மாதம் உள்ளே இருந்துவிட்டு வந்த பிறகும், அடிபட்டவருக்குச் சேரவேண்டிய பணத்துக்காக ஆட்டோவைத் தூக்கலாம். சிறையும் போச்சு, வண்டியும் போச்சு என்று ஆகிவிடும்.

மூன்று மாதம் என்பதும் சரியான கணக்கில்லை. கட்டாத ஒவ்வொரு அபராதத்துக்கும் உரிய சிறை ஒன்றன்பின் ஒன்றாக ஓடும்; ஒரே சமயத்தில் ஓடவிட முடியாது என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் முடிவு கட்டிவிட்டது. 294(பி)-க்கு 1 மாதம், 324-க்கு 3 மாதம், ஆக நாலு மாதம். ரிமாண்டில் இருந்த 12 நாளும் இதில் கழியாது. விசாரணைக் கைதியாக இருந்த நாட்களைக் கழிக்கும், நடைமுறைச் சட்டத்தின் 428-ஆம் பிரிவு, அபராதம் கட்டாததற்கான சிறைக்குப் பொருந்தாது என்று அதிலேயே எழுதியிருக்கிறது. இது எனக்கும் உறுத்தும் சட்டம்தான். ஆனால் அப்படித்தான் இருக்கிறது. தொகையைக் குறைக்கக் கேட்கும்போது அந்த 12 நாளை ஒரு காரணமாகச் சொல்லலாம், அந்த வழியில்தான் அதற்குப் பலன்.

உள்ளே போகும்படி ஆகிவிட்டால் ஒன்றை நினைவில் வையுங்கள். இடையில் எப்போது கட்டினாலும் அன்றே வெளியே வரலாம். முழுதும் கட்ட முடியாவிட்டால் விகிதக் கணக்கு. 10,000-க்கு 3 மாதம் என்றால், ஒரு மாதம் முடிந்த அன்று 6,667 ரூபாய் கட்டியிருந்தால் 324-க்கான கணக்கு அங்கேயே முடிகிறது, ஏனென்றால் மீதிப் பணத்துக்குரிய மூன்றில் ஒரு பங்குக் காலத்தை அவர் ஏற்கெனவே உள்ளே கழித்துவிட்டார். இந்த உரிமை பலருக்குத் தெரியாமலே முழுக் காலமும் கிடக்கிறார்கள்.

இந்த விகிதத்தை வைத்துப் பார்த்தால் வேறு ஒன்றும் தெரியும். உங்கள் தீர்ப்பில் ஒரு நாள் சிறைக்கு 324-இல் சுமார் 111 ரூபாய் விலை, 294(பி)-இல் 67 ரூபாய், 323-இல் 33 ரூபாய். ஒரே தீர்ப்பில், ஒரே ஆளுக்கு மூன்று விலை. நான் முன்னே சொன்ன சொத்துக் குவிப்பு வழக்கில் சசிகலா 10 கோடியைக் கட்டி 2021 ஜனவரி 27 அன்று விடுதலையானார். கட்டாமல் இருந்திருந்தால் 2022 பிப்ரவரி 27 வரை என்று சிறைத் துறை தகவல் உரிமைச் சட்டத்தில் பதில் சொல்லியிருந்தது. நாளுக்கு ஏறத்தாழ இரண்டரை லட்சம். இத்தனை ரூபாய்க்கு இத்தனை நாள் என்று எங்கேயும் நிர்ணயம் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன். அதற்கும் மேல்வரம்பு மட்டும்தான் இருக்கிறது: சிறையோ அபராதமோ விதிக்கக்கூடிய குற்றத்தில், அந்தக் குற்றத்துக்குரிய அதிகபட்ச சிறையில் நாலில் ஒரு பங்கு.

அந்த நாலில் ஒரு பங்கை உங்கள் தீர்ப்பில் போட்டுப் பார்த்தேன். 324-க்கு அதிகபட்சம் 3 வருடம், நாலில் ஒன்று 9 மாதம். 3 மாதம் போட்டிருக்கிறார்கள், சரி. 323-க்கு அதிகபட்சம் 1 வருடம், நாலில் ஒன்று 3 மாதம். 1 மாதம் போட்டிருக்கிறார்கள், சரி. 294(பி)-க்கு அதிகபட்சமே 3 மாதம்தான். அதில் நாலில் ஒன்று இருபத்திரண்டு, இருபத்து மூன்று நாள். நீங்கள் எழுதியது சரியென்றால் அங்கே 1 மாதம் என்று இருக்கிறது. இது வரம்பை மீறியது, நிற்காது. தீர்ப்பு நகல் வந்ததும் முதலில் இந்த வரியைச் சரிபாருங்கள். இதற்காக மொத்தத் தீர்ப்பும் கவிழ்ந்துவிடாது. ஆனால் 294(பி)-யை நாம் வேறு காரணத்துக்காகவும் எதிர்க்கப் போகிறோம். சண்டையில் கெட்ட வார்த்தை பேசினால் மட்டும் அந்தப் பிரிவு வராது, பேச்சு ஆபாசமாக இருக்க வேண்டும் என்று 2022-இலும் உச்ச நீதிமன்றம் ஒரு தமிழ்நாட்டு வழக்கிலேயே சொன்னது. வரப்புத் தகராறு என்றால் எஃப்.ஐ.ஆரில் 294(பி), 323, 324, 506(2) (கொலை மிரட்டல்) என்று வரிசையாக எழுதுவது நம் ஸ்டேஷன்களின் கைப்பழக்கம். அதில் முதல் எண் பெரும்பாலும் பலவீனமானது.

இனி என் யோசனை. 12,000 பாக்கிக்காக மட்டும் அப்பீல் போவதாக இருந்தால், வெளியில் வக்கீல் வைத்தால் ஃபீஸே அதைத் தாண்டிவிடும். சட்டத்தின் கண்ணில் 10,000 மிகையான தொகை என்று காட்டுவதும் எளிதில்லை. ஆனால் அபராதம் கட்டினால் கேஸ் முடிந்தது என்று மண்டிக்காரர் நினைத்துப் போயிருக்கிறாரே, அது தவறு. அபராதம் கட்டினாலும் இது குற்றத் தண்டனை. நாளைக்கு அரசு வேலையோ, காவல்துறைச் சான்று கேட்கும் கம்பெனியில் டிரைவர் வேலையோ என்று போனால் இந்த 324 கூடவே வரும். அதனால் நான் அப்பீல் போகச் சொல்வேன். அதில் முதல் கோரிக்கை விடுதலை. அது கிடைக்காவிட்டால் நன்னடத்தைச் சட்டம். 1958-ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டத்தில் 4-ஆம் பிரிவுப்படி, முதல் தடவை தவறியவரைத் தண்டிக்காமல் பிணைப்பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு விடலாம். 324-க்கு இது தாராளமாகப் பொருந்தும். மேல்முறையீட்டு நீதிமன்றமும் கொடுக்கலாம். அப்படி விட்டாலும் அடிபட்டவருக்கு இழப்பீடு கொடுக்கச் சொல்ல 5-ஆம் பிரிவு இருக்கிறது, எனவே அவருக்கும் அநியாயம் இல்லை. இதில் பெரிய லாபம், தண்டனையால் வரும் தகுதியிழப்பு ஒட்டாது என்று 12-ஆம் பிரிவு சொல்வது. கீழ் நீதிமன்றத்தில் இதைக் கேட்டார்களா, மறுத்திருந்தால் காரணம் எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். காரணம் எழுதாமல் விட்டிருந்தால் அதுவே நல்ல வாதம். மூன்றாவதாகத்தான் தொகைக் குறைப்பு.

அடிபட்டவரும் பங்காளிதானே, இடையில் பேச்சுவார்த்தை ஏதாவது இருக்கிறதா? சமாதானமாகிவிட்டோம் என்று இரு தரப்பும் எழுதிக் கொடுத்தால் தண்டனையைக் குறைக்க அது நன்றாக உதவும். வற்புறுத்தி மட்டும் வாங்காதீர்கள்.

வக்கீலுக்குச் செலவழிக்க வேண்டாம். நீதிமன்ற வளாகத்திலேயே வட்ட சட்டப்பணிக் குழு இருக்கும், மாவட்டத் தலைநகரில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு. வருமானச் சான்றோடு போனால் அப்பீலுக்கு வக்கீல் வைத்துக் கொடுப்பார்கள். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

அப்பீலோடு கூடவே தண்டனையை நிறுத்திவைக்கும் மனுவும் போட வேண்டும். அப்பீல் போட்டுவிட்டோம் என்று சும்மா இருந்தால், 30 நாள் முடிந்த அன்று நடுவர் வாரண்ட் போடலாம், அவர் மேல் தப்பில்லை. அந்த மனுவில் அமர்வு நீதிமன்றம் சில சமயம் ‘அபராதத்தைக் கட்டிவிட்டு வாருங்கள்’ என்று நிபந்தனை போடும், எனவே கொஞ்சம் பணத்துக்கு ஏற்பாடு செய்துகொள்வது நல்லது. நாள் தள்ளிப்போகும் என்று தோன்றினால், நடுவரிடமே தவணை கேட்டு ஒரு மனு போட்டுப் பார்க்கலாம். அபராதம் மட்டும் விதித்த வழக்கில் இரண்டு அல்லது மூன்று தவணையாக, தவணைக்கு இடையில் 30 நாளுக்கு மேல் போகாமல் கட்ட அனுமதிக்க நடைமுறைச் சட்டத்தில் இடம் இருக்கிறது. முதல் நாளே இதைக் கேட்டிருந்தால் 4,000 வீதம் மூன்று மாதத்தில் முடிந்திருக்கும். இப்போது கேட்டால் கொடுத்தே ஆகவேண்டும் என்று கட்டாயம் இல்லை, ஆனால் கேட்டதற்காகக் கோபப்பட மாட்டார்கள்.

எதுவும் கைகூடாமல் அவர் உள்ளே போகும்படி ஆகிவிட்டால், அபராதம் கட்ட முடியாமல் சிறையில் இருக்கும் ஏழைகளுக்கு 25,000 ரூபாய் வரை கொடுக்க ஒன்றிய அரசு 2023-இல் ஒரு திட்டம் கொண்டுவந்தது. மாவட்ட அளவில் ஒரு குழு முடிவு செய்யும். சிறைக் கண்காணிப்பாளரிடமோ சட்டப்பணிகள் ஆணைக்குழுவிடமோ கேட்க வேண்டும். தானாக வரும் என்று காத்திருக்காதீர்கள்.

ஒரு சந்தேகம் உங்களுக்கு வரலாம்: கடன் வாங்கிக் கட்டிவிட்டால் அப்பீல் உரிமை போய்விடுமா? போகாது. கட்டிவிட்டும் அப்பீல் போகலாம். அப்பீல் காலம் முடியும் வரையும், அப்பீல் போட்டிருந்தால் அது முடியும் வரையும், அபராதத்திலிருந்து இழப்பீட்டைப் பட்டுவாடா செய்யக்கூடாது என்றும் விதி இருக்கிறது. அதனால் பணம் கட்டிய மறுநாளே எதிர்த்தரப்பு வாங்கிக்கொண்டு போய்விடும் என்ற பயம் வேண்டாம். அப்பீலில் விடுதலையானாலோ தொகை குறைந்தாலோ திருப்பிக் கேட்க ரசீது வேண்டும். 323-க்குக் கட்டிய 1,000 ரூபாய்க்கும் ரசீது கொடுத்திருப்பார்கள். அதை ஜெராக்ஸ் எடுத்து, அசலைத் தீர்ப்பு நகலோடு சேர்த்து வையுங்கள்.